தாதியும் வைத்தியரும்: உளமருத்துவத் தொழில்கள் இரண்டின் வரலாறு

தொழிலொன்றைத் தேர்ந்தெடுக்கும் மாணவன் தனது விருப்பத்தையும் திறமையையும் கொண்டே அதனைத் தேர்கிறான் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. பள்ளிக்கூடங்களில் நாமும் அவ்வாறே போதித்து வருகிறோம். ஆனால், அவன் முன்னே விரிக்கப்படும் தொழில்கள் தாமாக முளைத்தவை அல்ல. ஒவ்வொரு தொழிலும் குறிப்பிட்ட ஒரு சமுதாயத்தில், குறிப்பிட்ட தேவைகளின் பொருட்டு, குறிப்பிட்ட போராட்டங்களினூடே உருவானதாகும். அதன் வாயிலில் யார் நுழையலாம், உள்ளே யார் ஆணையிடலாம், யார் கீழ்ப்படியவேண்டும், யாருக்கு எவ்வளவு ஊதியம் என்பனவெல்லாம் மாணவன் பிறப்பதற்கு முன்னரே தீர்மானிக்கப்பட்டுவிடுகின்றன. ஆகவே, எதைத் தேர்வது என்ற வினாவுக்கு விடைகாண விரும்புவோர், இவை எவ்வாறு தோன்றின என்ற வினாவை முதலிற் கேட்டாகவேண்டும்.

இதனை விளக்குவதற்கு உளமருத்துவத் துறை தக்கதோர் எடுத்துக்காட்டாகும். இன்று அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மனநோயாளருக்குச் சிகிச்சையளிக்க விரும்பும் இளைஞர் முன் இரண்டு பாதைகள் உள்ளன. ஒன்று உளமருத்துவராவது. நான்காண்டுப் பட்டப்படிப்பு, நான்காண்டு மருத்துவக் கல்லூரி, அதன்பின் ஆஸ்பத்திரியிற் பெறும் நான்காண்டு விசேட பயிற்சி எனப் பன்னிரண்டு ஆண்டுகளை அது வேண்டி நிற்கிறது. மற்றையது உளநலத்துறை நர்ஸ் பிராக்டிஷனராவது. தாதியர் கல்வியிற் பட்டம் பெற்று, தாதியாகப் பதிவுசெய்துகொண்டபின், இரண்டு மூன்று ஆண்டு உயர்கல்வி கற்று, நோயை நிர்ணயிக்கவும் மருந்தெழுதவும் சட்டப்படி உரிமை பெற்றவரே அவர். இவரை உயர்தரத் தாதி என்று இக்கட்டுரையில் அழைப்போம். பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களில் இவர் வைத்தியரின் மேற்பார்வையின்றியே தொழில் நடத்தலாம். ஏனையவற்றில் வைத்தியர் ஒருவருடன் உடன்படிக்கை செய்துகொள்ளவேண்டும், அல்லது அவரது மேற்பார்வைக்கு உட்படவேண்டும்.

இவ்விரு பாதைகளையும் ஒப்பிடுவோர் பெரும்பாலும் ஆண்டுகளையும் பணத்தையுமே எண்ணிப் பார்க்கின்றனர். உளமருத்துவரின் வருமானம் உயர்தரத் தாதியின் வருமானத்தைப்போல் ஏறத்தாழ இருமடங்காகும். மறுபுறம், கடன்பட்டுப் படித்த மருத்துவப் பட்டதாரி கல்லூரியை விட்டு வெளியேறும்போது அவர் தலைமேலுள்ள கடன் பொதுவாக இரண்டு இலட்சம் டொலர் அளவிலிருக்கிறது. ஒருவர் பன்னிரண்டாண்டு உழைத்துப் பெறுவதை மற்றவர் ஆறேழு ஆண்டில் ஓரளவு பெற்றுவிடலாம் என்பதே இக்கணக்கின் முடிவு. வட அமெரிக்காவிற் குடியேறிய நம்மவரின் பிள்ளைகளும் இக்கணக்கைப் போட்டுப் பார்க்கின்றனர். கணக்குப் பிழையானதன்று. ஆனால், நோயாளி ஒருவனே. அவனுக்கு உதவும் தொழில் மட்டும் ஏன் இரண்டாயிற்று, அவற்றில் ஒன்று ஏன் மேலும் மற்றையது ஏன் கீழும் அமைந்தது என்பதற்கு அக்கணக்கில் விடையில்லை. அதற்கு நாம் இரு நூற்றாண்டுகளுக்குமேற் பின்னோக்கிச் செல்லவேண்டும்.

பாரிஸ் நகரின் சால்பேத்ரியேர் ஆஸ்பத்திரியை நிலைக்களனாகக் கொண்ட புகழ்பெற்ற ஓவியம் ஒன்று உண்டு. தோனி ரொபேர்-பிளெரி என்பவர் 1876 இல் வரைந்தது. நடுவிலே பிலிப் பினெல் என்ற வைத்தியர் நிமிர்ந்து நிற்கிறார். அவரது ஆணைப்படி மனநோயுற்ற பெண்ணொருத்தியின் விலங்கு கழற்றப்படுகிறது. பிரெஞ்சுப் புரட்சியின் விடுதலைக்குரல் பைத்தியசாலைக்குள்ளும் ஒலித்தது என்பதற்குச் சான்றாக இக்காட்சி பாடநூல்கள் பலவற்றில் இடம்பெற்றுள்ளது. ஆனால் வரலாறு வேறுவிதமாக நடந்தது.

பினெல் 1793 இல் பிசேத்ர் என்னும் ஆண்கள் ஆஸ்பத்திரிக்கு வைத்தியராக வந்தபோது, அங்கே மனநோயாளர் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவர் ஜோன்-பப்திஸ்த் பூசன். அவர் தோல் பதனிடும் தொழிலாளி. கண்டமாலை நோய்க்குச் சிகிச்சை பெற 1771 இல் அவ்வாஸ்பத்திரிக்கு வந்து, குணமடைந்தபின் அங்கேயே வேலைக்கமர்ந்து படிப்படியாக உயர்ந்தவர். மருத்துவக் கல்லூரியின் வாயிலையும் அவர் மிதித்ததில்லை. அவரும் அவருடைய மனைவி மார்கரிதும் நோயாளருடனேயே வாழ்ந்து, அவர்களது நடத்தையை நாள்தோறும் கவனித்து, அடியாலும் விலங்காலும் அடைய முடியாததை அன்பாலும் உறுதியாலும் அடையலாம் என்று கண்டுகொண்டனர். நோயாளரை அடிக்கும் ஊழியர்களைப் பூசன் தண்டித்தார். குணமடைந்த நோயாளர் சிலரையே ஊழியராக நியமித்தார். பிசேத்ரில் விலங்குகளைக் கழற்றியவரும் பூசனே. அது நடந்தது 1797 இல். பினெலோ 1795 இலேயே சால்பேத்ரியேருக்கு மாற்றம் பெற்றுச் சென்றுவிட்டார்.

பினெல் நேர்மையான அறிஞர். தாம் பூசனிடம் கற்றதைத் தமது நூலிலே அவர் மறைக்கவில்லை. 1802 இல் பூசனைத் தம்மிடமே வரவழைத்துக்கொண்டார். மறந்தவர்கள் பின்வந்தோர். ஓவியன் தூரிகையை எடுத்தபோது, விடுதலை வழங்குபவர் வைத்தியராகத்தான் இருக்கவேண்டும் என்ற எண்ணம் நிலைபெற்றுவிட்டிருந்தது. நோயாளருடன் இருந்தவர் ஒருவர், புகழுக்குரியவர் மற்றொருவர். இத்தொழிற் பிரிவினையின் முதல் வடிவம் இதுவெனலாம்.

இதே காலத்தில் இங்கிலாந்திலும் இத்தகைய முயற்சியொன்று நிகழ்ந்தது. யோர்க் நகரப் பைத்தியசாலையில் 1790 இல் ஹன்னா மில்ஸ் என்ற பெண் இறந்தாள். அவள் குவேக்கர் சமயக் குழுவைச் சேர்ந்தவள். அவளைப் பார்க்கவந்த அக்குழுவினர் உள்ளே அனுமதிக்கப்படவில்லை. அச்சம்பவத்தின் விளைவாக, தேயிலை வணிகரான வில்லியம் ரியூக்கின் முயற்சியால் 1796 இல் 'றிற்றீற்' என்ற இல்லம் திறக்கப்பட்டது. அதன் அன்றாட நிர்வாகத்தை நடத்திய ஜோர்ஜ் ஜெப்சனும் மருத்துவப் பட்டம் பெற்றவரல்லர். வந்துபோன வைத்தியர் தோமஸ் பௌலர் அக்காலத்து மருந்துகளையெல்லாம் பரீட்சித்துப் பார்த்து, அவற்றாற் பெரும்பயன் விளையவில்லை என்று கண்டார். உணவு, ஓய்வு, வேலை, மரியாதையான பேச்சு ஆகியவையே நோயாளரைத் தேற்றின. வில்லியத்தின் பேரன் சாமுவேல் ரியூக் 1813 இல் வெளியிட்ட நூல் இச்செய்தியை உலகறியச் செய்தது.

இவ்விரு சம்பவங்களும் வைத்தியர்களுக்குச் சங்கடமான கேள்வியொன்றை எழுப்பின. தொழிலாளியும் வணிகரும் மருந்தின்றியே மனநோயைத் தணிக்க முடியுமாயின், அத்துறையில் வைத்தியருக்கு என்ன உரிமை? இக்கேள்விக்கு விடை அறிவியலிலிருந்து உடனே வரவில்லை. சட்டத்திலிருந்தும் சங்கத்திலிருந்தும் வந்தது. தனியார் பைத்தியசாலைகளில் வைத்தியரின் வருகையை 1828 ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயமாக்கிற்று. ஒவ்வொரு மாவட்டமும் பைத்தியசாலை அமைக்கவேண்டும் என 1845 ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. இடையில் 1841 இல் பிரித்தானியப் பைத்தியசாலை வைத்தியர்கள் தமக்கெனச் சங்கம் நிறுவினர். 1844 இல் பிலடெல்பியா நகரிற் பதின்மூன்று மேலதிகாரிகள் கூடி அமைத்த சங்கமே பிற்காலத்தில் அமெரிக்க உளமருத்துவச் சங்கமாயிற்று. இவ்வாறு, மனநோய் வைத்தியரின் தனியுரிமையாக மாறியது.

ஆனால், நோயாளரோடு இருக்கும் வேலை மறைந்துவிடவில்லை. அது கீழே தள்ளப்பட்டது. கைத்தொழிற் புரட்சி கிராமக் குடும்பங்களைச் சிதறடித்தது. வேலை செய்ய இயலாதவர்களைத் தாங்கும் வலு ஏழைக் குடும்பங்களுக்கு இல்லாமற்போயிற்று. இருபதாம் நூற்றாண்டு பிறந்த வேளையில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மனநோயாளரெனச் சான்றளிக்கப்பட்டோர் தொகை ஏறத்தாழ ஒரு இலட்சமாயிற்று. ஆயிரம்பேர் அடைக்கப்பட்ட கட்டடத்தில் ஒருசில வைத்தியரே இருந்தனர். நோயாளரைக் குளிப்பாட்டியவரும் உணவூட்டியவரும் இரவு முழுதும் கண்விழித்தவரும் அடிபட்டவரும், சிலவேளை அடித்தவரும், இடுப்பிலே திறப்புக்கோவை தொங்க நடமாடிய ஊழியர்களே. குறைந்த கூலி, நீண்ட வேலைநேரம், ஆஸ்பத்திரி வளவுக்குள்ளேயே வாசம், மணம் முடிப்பதற்கும் மேலதிகாரியின் அனுமதி என்ற நிலையில் அவர்களும் அரைக் கைதிகளாகவே வாழ்ந்தனர்.

அவர்களுக்குக் கல்வியளிக்க முற்பட்டவர்களும் வைத்தியர்களே. 1885 இல் வைத்தியர்களால் ஊழியர்களுக்கென ஒரு கைந்நூல் வெளியிடப்பட்டது. 1891 இலிருந்து பரீட்சையும் சான்றிதழும் வழங்கப்பட்டன. இது முன்னேற்றமே. எனினும், எதைக் கற்கவேண்டும், எதைக் கற்கவேண்டியதில்லை என்பதை வைத்தியரே வகுத்தனர் என்பதும் மனங்கொளத்தக்கது. ஊழியர் தம் வாழ்க்கையைத் தாமே சீர்செய்யத் தொடங்கியது 1910 இலேயே. அவ்வாண்டில் லங்காஷயர் பிரதேசத்திற் பைத்தியசாலைத் தொழிலாளரின் தொழிற்சங்கம் தோன்றியது. 1922 இல் நொற்றிங்ஹம் பகுதியிலுள்ள றட்கிளிவ் ஆஸ்பத்திரியிற் கூலியைக் குறைத்து வேலைநேரத்தைக் கூட்டியபோது, ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்து வார்ட்டுகளுக்குள்ளேயே கதவடைத்துக்கொண்டனர். பெண் தாதியரே இதில் முன்னின்றனர். நோயாளர் சிலரும் அவர்கள் பக்கம் நின்றனர். பொலிசார் உட்புகுந்து அவர்களை வெளியேற்றினர், வேலையும் பறிபோயிற்று. உளநோய்த் தாதியர் தொழிலின் வரலாற்றில் இப்போராட்டத்துக்கு உரிய இடம் இன்னும் அளிக்கப்படவில்லை.

இவ்விடத்தில் ஒருபக்கச் சார்பாக முடிவுகட்டிவிடுதல் தவறாகும். வைத்தியரின் உரிமை சட்டத்தினால் மட்டும் நிலைபெற்றதன்று. அக்காலப் பைத்தியசாலைகளில் அடைபட்டோரிற் கணிசமானோர், மூளை படிப்படியாகச் சிதைந்து வாதமுற்று இறக்கும் கொடிய நோய்க்கு ஆளானவர்கள். 1913 இல் நியூயோர்க்கில் நொகூச்சியும் மூரும் அந்நோயாளரின் மூளையிற் சிபிலிஸ் கிருமியைக் கண்டுபிடித்தனர். 1917 இல் வியன்னாவில் வாக்னர்-யௌரெக் மலேரியாக் காய்ச்சலை உண்டாக்கி அந்நோயைத் தணிக்க முயன்றார். அதற்காக 1927 இல் நோபல் பரிசு பெற்றார். 1940களிற் பெனிசிலின் வந்தபின் அந்நோய் ஏறக்குறைய அற்றுப்போயிற்று. எத்தனை அன்பும் பொறுமையும் இருந்தாலும் பூசனால் அந்நோயாளரைக் காப்பாற்றியிருக்க முடியாது. உடலின் நோய் மனநோயாக வேடமிட்டு வரும்போது அதனை இனங்காணுவதற்கு நீண்டகால மருத்துவக் கல்வி வேண்டும் என்பது இதனாற் பெறப்படும். ஆனால், மூளையின் முன்பகுதி நரம்புகளை வெட்டும் சத்திரசிகிச்சைக்காக எகாஸ் மொனிசுக்கு 1949 இல் அதே நோபல் பரிசு வழங்கப்பட்டதையும் நாம் மறத்தலாகாது. ஆயிரக்கணக்கானோரை உயிருள்ள பிணங்களாக்கிய அச்சிகிச்சையும் மருத்துவ அறிவின் பெயராலேயே நடைபெற்றது. நீண்ட கல்வி அறிவைத் தரும். அவ்வறிவு நோயாளியின் பக்கம் நிற்கும் என்று உறுதி தரமாட்டாது.

அமெரிக்காவில் மருத்துவக் கல்வி இன்றைய நீளத்தையும் விலையையும் பெற்ற வரலாறும் அறியத்தக்கது. ஏபிரகாம் பிளெக்ஸ்னர் 1910 இல் வெளியிட்ட அறிக்கை அங்கிருந்த மருத்துவக் கல்லூரிகளின் சீர்கேட்டை அம்பலப்படுத்தியது. போலிக் கல்லூரிகள் மூடப்பட்டன. ஆய்வுகூடமும் அறிவியலும் கட்டாயமாயின. நோயாளருக்கு இது நன்மையே. ஆனால், இரவுப் பள்ளிகளிற் படித்த தொழிலாளரின் பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் கறுப்பின மக்களுக்கும் மருத்துவத்தின் கதவு மெல்லமெல்ல அடைபட்டது. கறுப்பினத்தவருக்கென இருந்த ஏழு கல்லூரிகளில் ஐந்து மறைந்து, ஹவார்ட், மெஹாரி என்ற இரண்டே எஞ்சின. தரம் உயர்ந்தபோது வாயில் குறுகியது. உள்ளே நுழைய முடியாதவர்களில் திறமைமிக்க பெண்கள் பலர் சென்றடைந்த துறையே தாதித் தொழில்.

அத்துறையும் வளர்ந்துகொண்டிருந்தது. அமெரிக்காவில் முதன்முதல் முறையான பயிற்சி பெற்ற தாதியெனக் கொள்ளப்படும் லிண்டா றிச்சட்ஸ் 1873 இல் தேர்ச்சி பெற்றார். பிற்காலத்தில் அவரே மனநோய் ஆஸ்பத்திரிகளிலே தாதியர் பள்ளிகளை அமைக்க உழைத்தார். மசசூசெற்ஸ் மாநிலத்து மக்லீன் ஆஸ்பத்திரியில் 1882 இல் மனநோயாளரைப் பராமரிக்கும் தாதியருக்கென முதற் பயிற்சிப்பள்ளி தோன்றியது. ஆனாலும் அரசாங்க மனநோய் ஆஸ்பத்திரிகளின் நிலை மாறவில்லை. இரண்டாம் உலகப்போரிலே துப்பாக்கி ஏந்த மறுத்த இளைஞர் சுமார் மூவாயிரம்பேர் அவ்வாஸ்பத்திரிகளுக்கு ஊழியராக அனுப்பப்பட்டனர். நிர்வாணமாக அடைக்கப்பட்ட நோயாளரை அவர்கள் கண்டனர், கண்டதை எழுதினர், படம் பிடித்தனர். 1946 மே மாதத்தில் 'லைவ்' சஞ்சிகையில் அவ்வுண்மைகள் வெளியானபோது நாடு அதிர்ந்தது. உண்மையை வெளிக்கொணர்ந்தவர்கள் இம்முறையும் நோயாளரோடு இருந்தவர்களே.

அவ்வாண்டு ஜூலையிற் கையொப்பமிடப்பட்ட தேசிய மனநலச் சட்டம், உளமருத்துவம், உளவியல், சமூகப்பணி ஆகியவற்றோடு தாதித் தொழிலையும் அடிப்படைத் துறைகளுள் ஒன்றாக ஏற்று, உயர்கல்விக்கு நிதி ஒதுக்கியது. தாதியொருத்தி பல்கலைக்கழகத்திற் பட்டப்பின் படிப்புப் படிக்கலாம் என்ற நிலை இதனால் உண்டாயிற்று. இந்நிலையிலேதான் ஹில்டகார்ட் பெப்லோவின் பெயர் முன்வருகிறது.

பெப்லோ 1909 இல் பென்சில்வேனியாவில், புலம்பெயர்ந்து வந்த குடும்பமொன்றிற் பிறந்தவர். தந்தை புகையிரதப் பகுதித் தொழிலாளி. தாதியாகப் பயின்று, உழைத்துக்கொண்டே பல்கலைக்கழகம் சென்றார். போர்க்காலத்தில் இராணுவத் தாதியாக இங்கிலாந்திலே பணியாற்றினார். தாதிக்கும் நோயாளிக்கும் இடையே ஏற்படும் உறவே ஒரு சிகிச்சை. அவ்வுறவை ஆராயலாம், கற்பிக்கலாம், மேம்படுத்தலாம் என்பது அவரது கொள்கை. நூலை 1948 இலேயே எழுதி முடித்தார். ஆயினும், வைத்தியர் ஒருவரைத் துணையாசிரியராகச் சேர்க்காமல் ஒரு தாதி நூல் வெளியிடுவதா என்ற தயக்கத்தினால், அது 1952 வரை வெளிவரவில்லை. பின்னர் றட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் உளநோய்த் தாதியருக்கென அவர் நடத்திய உயர்கல்வி நெறி, இன்றைய உயர்தரத் தாதிக்கு அடித்தளமிட்டது. பூசன் கையாலே செய்ததற்குப் பெப்லோ கோட்பாடு வகுத்தார் எனலாம்.

ஆனால், தாதியின் கையிலே பேனாவைக் கொடுத்தது கோட்பாடு அன்று, ஆட்பற்றாக்குறையே. 1952 இற் பாரிஸில் பரீட்சிக்கப்பட்ட குளோர்புரோமசின் என்ற மருந்து, அமைதியிழந்த வார்ட்டுகளை அமைதிப்படுத்தியது. 1955 இல் அமெரிக்க அரசாங்க மனநோய் ஆஸ்பத்திரிகளில் ஏறத்தாழ 5,59,000 பேர் இருந்தனர். 1994 இல் அத்தொகை 72,000 அளவுக்குக் குறைந்தது. வெளியே வந்தவர்களைப் பராமரிப்பதற்கென 1963 இல் ஜனாதிபதி கென்னடி சட்டமொன்றிற் கையொப்பமிட்டார். 1,500 சமூக மனநல நிலையங்கள் திட்டமிடப்பட்டன. கட்டப்பட்டவையோ ஏறக்குறையப் பாதி. ஆஸ்பத்திரிக் கதவு திறந்தது. அதற்கு வெளியே வீடில்லை, வேலையில்லை, வைத்தியருமில்லை. பலருக்குத் தெருவும் சிறைச்சாலையுமே புகலிடமாயின.

பற்றாக்குறை மனநோயோடு நிற்கவில்லை. கொலராடோ பல்கலைக்கழகத்தில் 1965 இல் லொறெற்றா போர்ட் என்ற தாதியும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை வைத்தியரும் சேர்ந்து முதலாவது நர்ஸ் பிராக்டிஷனர் பயிற்சியைத் தொடங்கினர். வைத்தியர் செல்லாத கிராமங்களிலும் ஏழைகளின் குடியிருப்புகளிலும் குழந்தைகளைக் கவனிப்பதே நோக்கம். அதே ஆண்டு முதியோருக்கும் வறியோருக்குமான அரச மருத்துவக் காப்புறுதி சட்டமாயிற்று. சிகிச்சைக்கு உரிமை பெற்றோர் திடீரெனப் பெருகினர். 1971 இல் ஐடாஹோ மாநிலம் இத்தொழிலைச் சட்டத்தில் அங்கீகரித்தது. பிற மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன. வைத்தியர் சங்கங்கள் எதிர்த்தன. தாதியரிலும் சிலர், இது நம்மைக் குட்டி வைத்தியராக்கும் சூழ்ச்சி என ஐயுற்றனர். குழந்தைகளின் பராமரிப்பில் முளைத்த இப்புதிய தொழிலும், பெப்லோ வளர்த்த உளநோய்த் தாதியரின் உயர்கல்வியும் காலப்போக்கில் இணைந்தே இன்றைய உளநலத்துறை உயர்தரத் தாதி உருவானார்.

1997 ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி, முதியோர் காப்புறுதியிலிருந்து உயர்தரத் தாதி எங்கும் நேரடியாகக் கட்டணம் பெறலாம் என்றாயிற்று. எவ்வளவு? வைத்தியருக்குக் கொடுப்பதில் 85 வீதம். ஒரே நோயாளி, ஒரே மருந்து. கையொப்பம் மாறினாற் கூலியும் மாறும். பேனா கைக்கு வந்தபோதும் அதன் விலையைப் பிறரே நிர்ணயித்தனர். பணம் கொடுப்பவருக்கு இத்தாதி ஏன் உவப்பானவராயினார் என்பதற்கும் இந்த எண் விளக்கமாகும். இன்று அந்நாட்டின் மாவட்டங்களிற் பாதிக்கு மேற்பட்டவற்றில் ஓர் உளமருத்துவர்தானும் இல்லை. மனநல ஊழியர் பற்றாக்குறையான பகுதிகளில் வாழ்வோர் பத்துக் கோடிக்கு மேற்பட்டோர். 2011 முதல் 2019 வரை அக்காப்புறுதியின் கீழ்ச் சிகிச்சையளித்த உளநலத்துறை உயர்தரத் தாதியர் தொகை 162 வீதம் உயர, உளமருத்துவர் தொகை 6 வீதம் குறைந்தது. இவர்கள் இல்லாவிடின் பல ஊர்களில் எவருமே இருக்கமாட்டார் என்பது மறுக்கவியலாத உண்மை.

இதற்கிடையில் உளமருத்துவருக்கு என்ன நேர்ந்தது? நோயாளியோடு நெடுநேரம் உரையாடிச் சிகிச்சை செய்வது ஒருகாலத்தில் அவரது பெருமை. 1996-97 இல் உளமருத்துவரிடம் சென்ற சந்திப்புகளில் 44 வீதமானவற்றில் உளச்சிகிச்சை இடம்பெற்றது. 2004-05 இல் அது 29 வீதமாகக் குறைந்தது. காப்புறுதிக் கம்பனிகள் முக்கால்மணி நேர உரையாடலுக்குக் கொடுக்கும் கட்டணத்தைவிட, அதே நேரத்தில் மூன்று நோயாளருக்கு மருந்தெழுதுவதற்குக் கூடுதலாகக் கொடுத்ததே இதற்கான தலையாய காரணங்களுள் ஒன்று. மருந்தெழுதும் உரிமை பெற்ற உயர்தரத் தாதியும் அதே பதினைந்து நிமிட மேசைக்கு முன்னாற்றான் அமர்த்தப்பட்டார். பெப்லோ போற்றிய உறவுக்கு அம்மேசையில் இடமில்லை. நோயாளருடன் இருக்கும் வேலை இன்னும் கீழே, மணித்தியாலக் கூலி பெறும் உதவியாளரிடம் சென்று சேர்ந்தது. பூசன் நின்ற இடத்தில் இன்று நிற்பவர் அவரே. பெரும்பாலும் கறுப்பினத்தவராகவோ புலம்பெயர்ந்தவராகவோ உள்ள பெண்.

இவ்வரலாற்றிலிருந்து தெரியவருவது ஒன்று. மனநோயாளரைப் பராமரிக்கும் தொழிலில் அதிகாரமும் அருகிருத்தலும் பிரிக்கப்பட்டன. அதிகாரத்துக்குக் கூலி கூடியது, அருகிருத்தலுக்குக் குறைந்தது. ஏணியில் ஒருபடி ஏறியவர் எவரும் நோயாளியிடமிருந்து ஓரடி விலகியே நிற்க நேர்ந்தது. இது தனிமனிதரின் குணக்கேட்டால் விளைந்ததன்று. சிகிச்சையைச் சரக்காகவும் நேரத்தைச் செலவாகவும் கணக்கிடும் அமைப்பின் விளைவாகும்.

நமது நாடும் இவ்வரலாற்றுக்குப் புறம்பானதன்று. மனநோயாளரை ஓரிடத்தில் அடைக்கும் முறை பிரித்தானிய ஆட்சியோடு இங்கே வந்தது. 1920களில் எழுந்த அங்கொடை ஆஸ்பத்திரி காரணமாக ஓர் ஊரின் பெயரே வசைச்சொல்லாயிற்று. 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின்னர், 2005 இல் வகுக்கப்பட்ட மனநலக் கொள்கை சேவையை மாவட்டங்களுக்குக் கொண்டுசெல்ல முற்பட்டது. விசேட நிபுணர் போதாமையால், குறுகிய காலப் பயிற்சி பெற்ற வைத்தியர்களும் சமூகத் தாதியரும் அப்பணியில் அமர்த்தப்பட்டனர். கொலராடோவிற் பிறந்த அதே தேவை இங்கு வேறு வடிவிற் பிறந்தது. அங்கொடை ஆஸ்பத்திரி 2008 இல் தேசிய மனநல நிறுவகமாயிற்று. பெயரோடு உள்ளிருந்த உறவுகளும் மாறுகின்றனவா என்பதே நாம் கவனிக்கவேண்டியது.

அவ்வாறாயின், தேர்ந்தெடுக்கும் மாணவருக்கு நாம் கூறக்கூடியது என்ன? உடலையும் மூளையையும் ஆழமாகக் கற்க வேண்டும், சிக்கலான நோய்களுக்கு இறுதிப் பொறுப்பை ஏற்கவேண்டும் என்று விரும்புவோர் பன்னிரண்டாண்டுப் பாதைக்கு அஞ்சவேண்டியதில்லை. அங்கே நான்காண்டு முழுநேர விசேட பயிற்சி உண்டு. உயர்தரத் தாதிக்கு விதிக்கப்பட்ட நேரடிப் பயிற்சியோ குறைந்தபட்சம் 500 மணித்தியாலமாகவே நெடுங்காலம் இருந்தது. 2022 ஆம் ஆண்டுத் தரவிதிகள் அதனை 750 ஆக்கின. இவ்வேறுபாட்டைச் சிறிதென்று கூறுவோர் மாணவரையும் ஏமாற்றுகின்றனர், நோயாளரையும் ஏமாற்றுகின்றனர். மறுபுறம், வார்ட்டிலே தாதியாகச் சில ஆண்டுகள் உழைத்து, நோயாளரை இரவிலும் பகலிலும் கண்டறிந்தபின் உயர்கல்விக்குச் செல்பவர், மருத்துவக் கல்லூரி தரமுடியாத அனுபவமொன்றைப் பெற்றே செல்கிறார். வறிய குடும்பத்துப் பிள்ளை உழைத்துக்கொண்டே படிப்பதற்கும் இப்பாதையே இடந்தருகிறது. அவ்வனுபவமின்றி, கட்டணம் வாங்கும் பள்ளிகள் விற்கும் குறுக்குவழியாக இதனைக் கொள்பவர், தாதியின் அனுபவமும் வைத்தியரின் கல்வியும் இல்லாமல் நோயாளியின் முன் அமர நேரிடும்.

எனவே மாணவர் கேட்கவேண்டிய கேள்விகள் வேறு. நான் பெறப்போகும் அறிவு, நான் ஏற்கப்போகும் பொறுப்புக்குப் போதுமா? எனது வேலைநாளிலே நோயாளியோடு இருப்பதற்கு எவ்வளவு நேரம் விடப்படும்? அந்நேரத்தைத் தீர்மானிப்பவர் யார்? எனக்குக் கீழே நிற்கும் ஊழியரின் அவதானிப்பை நான் கேட்பேனா? இவற்றிற் பிந்திய மூன்றும் வைத்தியருக்கும் தாதிக்கும் பொதுவானவை. அவற்றுக்குத் தனியொருவர் தம் தேர்வினால் மட்டும் விடைகாண முடியாது. றட்கிளிவில் வேலைநேரத்துக்காகப் போராடிய தாதியர் அறிந்திருந்ததைப்போல, அது கூட்டாக வென்றெடுக்கப்படவேண்டியது. வைத்தியர் சங்கமும் தாதியர் சங்கமும் உரிமைக்காக ஒன்றையொன்று எதிர்த்து நிற்கும்வரை, இருவரின் நேரத்தையும் விலைபேசுவோரே இலாபமடைவர். நோயாளிக்குரிய நேரத்தை இருவரும் சேர்ந்து கோரும்போதே, எப்பாதையைத் தேர்ந்த மாணவரும் தாம் விரும்பி வந்த தொழிலைச் செய்ய முடியும்.